வர்ணம் பூசுவோரும் பொறுப்பின் சரித்திரமும்

வைகாசி பிறக்கு முன்பே காரைதீவின் வீதிகளில் புதுப் பெயின்ற்றின் நெடி வீசத் தொடங்கிவிடும். கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு ஊர் ஆயத்தமாகும் காலம் அது. கோயில் மதிலும் வீட்டு முகப்பும் கடைத்தெருவும் புதுநிறம் பெறுகின்றன. அயலிலுள்ள மாளிகைக்காட்டிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாட்களில் இதே காட்சியைக் காணலாம். ஒரு கையில் வாளியும் மறு கையில் தூரிகையுமாக ஏணியில் நிற்கும் தொழிலாளருள் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர். ஒரே சாரக்கட்டின் இரு முனைகளில் இருவரும் நிற்பதும் உண்டு. காலில் செருப்பில்லை, இடுப்பில் கயிறில்லை. பழைய பூச்சைத் தேய்க்கும்போது எழுகின்ற தூசிக்குக் காவலாக மூக்கைச் சுற்றிக் கட்டிய பழந்துணி ஒன்றே அவர்களுக்குள்ள பாதுகாப்பு.

விழா முடிந்த பின் சுவரின் அழகை நாம் மெச்சுகிறோம். அந்தச் சுவருக்கு அழகூட்டியவன் ஏணியிலிருந்து விழுந்திருந்தால் அவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்லியிருப்பார்? வீட்டுக்காரரா? வேலையைக் கொந்தராத்து எடுத்தவரா? அவரிடமிருந்து கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த பாஸா? அல்லது, 'கவனமில்லாமல் ஏறினான், விழுந்தான்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு விடயம் முடிந்திருக்குமா?

இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. வர்ணம் பூசுவோரின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு உலகில் முந்நூறு ஆண்டுகளாக நடந்துவருகின்றது. வைத்தியர்கள் அதில் சாட்சி சொல்லியிருக்கின்றனர்; நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கின்றனர்; நாவலாசிரியன் ஒருவன் தன் வாழ்வையே சாட்சியமாக எழுதிவைத்திருக்கின்றான். அந்தச் சரித்திரத்தை அறிந்தாலன்றி நம்மூர் ஏணியில் நிற்பவனின் நிலையை நாம் சரிவர விளங்கிக்கொள்ள முடியாது.

நோய் அறியப்பட்ட காலம்

நம் கிழக்குக் கரையில் முன்னாளில் சுவருக்குப் பூசப்பட்டது சுண்ணாம்பு. முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டு நீற்றிய அந்த வெள்ளை கண்ணில் தெறித்தால் எரிக்கும், கையைப் புண்ணாக்கும். ஆனால் உடலினுள்ளே சென்று ஆண்டாண்டாகத் தங்கி நரம்பை அரிப்பதில்லை. எண்ணெயில் குழைத்த பெயின்ற் ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்தது. அதனோடு ஈயமும் வந்தது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வெள்ளைப் பெயின்ற்றின் அடிப்பொருளாக இருந்தது ஈயவெள்ளை. நம் வழக்கில் 'வெள்ளீயம்' என்பது பாத்திரத்துக்குப் பூசும் வேறோர் உலோகம். இது காரீயத்திலிருந்து செய்யப்படும் வெண்ணிறப் பொடி. காரீயத் தகடுகளைக் காடி ஊற்றிய மட்பாண்டங்களில் வைத்து, எருக்குவியலுக்குள் பல வாரங்கள் புதைத்துவிடுவர். எருவின் வெப்பத்திலும் காடியின் ஆவியிலும் தகட்டின் மேல் வெண்மையான பொருக்குப் படரும். அதனைச் சுரண்டி எடுத்து, அரைத்து, ஆளி விதை எண்ணெயில் குழைத்தால் பெயின்ற் ஆயத்தம். சுவரை நன்றாக மூடும், நெடுநாள் நிலைக்கும். எனவே அதனை விட்டுவிட வியாபாரிக்கு மனமில்லை. சுரண்டியவனும் அரைத்தவனும் பூசியவனும் பின்னொரு நாள் அதனைத் தேய்த்து அகற்றியவனும் அதன் தூசியைச் சுவாசித்தனர். கழுவாத கையோடு உணவுண்டனர்.

இதன் விளைவு அறியப்படாததன்று. இத்தாலிய வைத்தியர் பெர்னார்தினோ ராமசீனி 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். வர்ணம் தீட்டுவோருக்கும் அதில் இடம் ஒதுக்கினார். நோயாளியிடம் பழங்கால வைத்தியர் கேட்ட கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்ற கேள்வியையும் சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. நோயின் காரணத்தை விதியிலும் கிரகத்திலும் தேடிய உலகில், அதனை வேலைத்தலத்தில் தேடச் சொன்ன அந்த ஒரு கேள்வி வைத்தியத்தையே சமூகத்தின் பக்கம் திருப்பியது எனலாம்.

1839இல் பாரிஸ் நகரின் தங்கெரல் தெ பிளான்சு என்ற வைத்தியர், ஈயத்தால் நோயுற்ற ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து பெருநூல் ஒன்றை எழுதினார். அந்நோயாளருள் வீடுகளுக்கு வர்ணம் பூசுவோர் பெருந்தொகையினராயிருந்தனர். குடலை முறுக்கும் வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, மணிக்கட்டு தொய்ந்து கை தூக்க முடியாத நிலை, இறுதியில் வலிப்பும் மூளைக் கோளாறும் என்று அந்நோயின் படிகள் வரிசைப்படுத்தப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே, பல்லீறின் ஓரத்தில் தோன்றும் நீலக் கோடு ஈய நஞ்சின் அடையாளம் என்பதை இலண்டன் வைத்தியர் பேர்ட்டன் எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் அந்த வயிற்றுவலிக்கு வழங்கிய பெயரே 'வர்ணக்காரர் வலி' என்பதாகும். ஒரு தொழிலின் பெயர் ஒரு நோயின் பெயராகிவிட்டது.

ஆகவே 1840ஆம் ஆண்டளவில் நோயும் தெரியும், காரணமும் தெரியும். அதன் பின்னும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் ஈயவெள்ளை வீட்டுச் சுவர்களில் பூசப்பட்டு வந்ததற்கு அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது. காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

ஒரு நல்ல கொந்தராத்துக்காரர்

பாரிஸ் நகரில் அக்காலத்தில் ழான் லெக்லேர் என்ற பெயின்ற் கொந்தராத்துக்காரர் வாழ்ந்தார். 1801இல் ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, இளமையில் பாரிசுக்கு வந்து, தானே வர்ணம் பூசும் தொழிலாளியாயிருந்து முதலாளியானவர். தன்னிடம் வேலை செய்தோர் ஈயத்தால் நோயுறுவதைக் கண்ட அவர் அதற்குப் பதிலாகத் துத்தநாக வெள்ளையைக் கையாளத் தொடங்கினார். 1840களில் அதனை மலிவாகச் செய்யும் முறையைக் கண்டு, தன் வேலைத்தலங்களில் ஈயத்தை ஒழித்தார். 1838இல் தொழிலாளருக்குப் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றை அமைத்தார். 1842இல் இலாபத்தில் அவர்களுக்குப் பங்கு கொடுத்தார். பொருளியலறிஞர் ஜோன் ஸ்டுவர்ட் மில் தம் நூலில் இவரை எடுத்துக்காட்டாகக் கூறுமளவுக்கு இவரின் புகழ் பரவியது.

இம்மனிதரைப் போற்றாமலிருக்க முடியாது. எனினும் இவரது வரலாறு நமக்குப் போதிக்கும் பாடம் போற்றுதலோடு முடிந்துவிடவில்லை. ஈயத்துக்கு மாற்று உண்டு, அதைக் கொண்டு இலாபகரமாகத் தொழில் நடத்தவும் முடியும் என்பதை ஒரு கொந்தராத்துக்காரர் நடைமுறையில் நிரூபித்துக் காட்டிய பிறகும், பிரான்சு தேசம் கட்டடங்களில் ஈயவெள்ளையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது 1909இல். அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1915இல். எழுபது ஆண்டுகள்! அந்த இடைக்காலத்தில் ஏனைய கொந்தராத்துக்காரர்கள் ஈயத்தையே பூசினர். ஏனெனில் பக்கத்துக் கடைக்காரன் அதையே பூசினான். ஒரு முதலாளியின் நல்ல மனம் அவரது மதில் எல்லையோடு நின்றுவிடுகின்றது. போட்டிச் சந்தையில் பாதுகாப்பு என்பது செலவு. செலவைக் குறைத்தவனே வேலையைப் பெறுகின்றான். எல்லோரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சட்டம் வந்தாலன்றி நல்லவனும் நெடுநாள் நல்லவனாக இருப்பது கடினம்.

அந்தச் சட்டம் தானாக வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பெயின்ற் தொழிலாளரின் சங்கங்கள் ஊரூராகக் கிளர்ச்சி செய்ததன் பயனாகவே அது வந்தது.

ஏணிக்கயிறும் நீதிமன்றமும்

நஞ்சு மெல்லக் கொல்வது. ஏணியோ ஒரு கணத்தில் கொல்வது. இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஆங்கிலேய நீதிமன்றம் 1837இல் அளித்த பதில் மனங்கொளத்தக்கது. அளவுக்கு மீறிப் பாரமேற்றிய வண்டி உடைந்ததால் தொடையெலும்பு முறிந்த ஓர் இறைச்சிக் கடை வேலையாள் தன் எசமானர் மீது வழக்குத் தொடர்ந்தான். ஜூரிகள் அவனுக்கு நூறு பவுண் கொடுக்கச் சொன்னார்கள். மேல்நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. வேலையின் ஆபத்தை எசமானனைப்போலவே வேலையாளும் அறிவான். அறிந்தே அவன் அதை ஏற்றுக்கொண்டான். விரும்பாவிட்டால் மறுத்திருக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இதன் வழி வந்த கோட்பாடு நூறாண்டுக்கு மேல் உயிரோடிருந்து, 1948இலேயே பிரித்தானியச் சட்டத்திலிருந்து முற்றாக நீக்கப்பட்டது.

'மறுத்திருக்கலாம்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். மறுத்தவனின் அடுப்பில் அன்று மாலை நெருப்பு எரியாது. சமமில்லாத இருவரைச் சமமானவராகப் பாவித்து எழுதப்படும் நீதி, வலியவனுக்கே நீதியாகும்.

1897இல் பிரித்தானியா தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. எசமானனின் குற்றத்தை நிரூபிக்காமலே, வேலையில் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு பெறலாம் என்பது அதன் பெரும் புதுமை. ஆனால் கட்டட வேலையில் அச்சட்டம் எப்படிப் பொருந்தியது? கட்டடம் முப்பது அடிக்கு மேற்பட்ட உயரமுடையதாயிருக்கவேண்டும்; அதனைக் கட்டவோ திருத்தவோ சாரக்கட்டுப் போடப்பட்டிருக்கவேண்டும். இருபத்தைந்து அடி உயர வீட்டிலிருந்து விழுந்தவனின் எலும்பு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை! ஏணி என்பது சாரக்கட்டாகுமா ஆகாதா என்று வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். 1906ஆம் ஆண்டுச் சட்டமே இவ்வரம்புகளை நீக்கி, ஈய நஞ்சு உள்ளிட்ட சில தொழில் நோய்களையும் நட்டஈட்டுக்குரியனவாக ஏற்றது.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் தென்கரை நகரொன்றில் ரொபேர்ட் நூனன் என்ற பெயின்ற் தொழிலாளி, பகலில் சுவருக்கு வர்ணம் பூசி, இரவில் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். காசநோயால் 1911இல் இறந்தார். அவரது நாவல் 1914இல், ரொபேர்ட் ட்ரெஸ்ஸல் என்ற புனைபெயரில், வெட்டிச் சிதைக்கப்பட்ட வடிவில் வெளிவந்தது. முழு வடிவம் 1955இல்தான் அச்சேறியது. 'கந்தல் காற்சட்டை வள்ளல்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். தம் உழைப்பை முதலாளிக்குத் தானமாகக் கொடுக்கும் ஏழைத் தொழிலாளரே அந்த வள்ளல்கள்.

அந்நாவலில் ஒரு காட்சி. அறுபத்தைந்து அடி ஏணியை நிமிர்த்தும் வேலை. கயிறு நைந்திருப்பதைத் தொழிலாளி ஒருவன் மேற்பார்வையாளனிடம் சுட்டிக்காட்டுகிறான். உன் கருத்தை யாரும் கேட்கவில்லை என்ற பாங்கில் அவன் வாய் அடைக்கப்படுகிறது. கயிறு அறுகிறது, ஏணி விழுகிறது, எல்லோராலும் நேசிக்கப்பட்ட ஒரு முதிய தொழிலாளி சாகிறான். மரண விசாரணையில் 'தற்செயலான மரணம்' என்று தீர்ப்பாகிறது. அந்த எழுத்தாளன் அப்பக்கங்களில் கண்ணீர் வடிக்கவில்லை. கயிறு எத்தகையது, யார் அதைப் பார்த்தார், யார் என்ன சொன்னார் என்பதைத் தொழில் தெரிந்தவனின் நிதானத்தோடு எழுதிச் செல்கிறான். நைந்த கயிற்றுக்குப் பதில் புதுக் கயிறு வாங்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? அந்த அதிகாரம் யாரிடமோ அவரே பொறுப்பாளி. விசாரணை மன்றம் கேட்காத அக்கேள்வியை வாசகன் கேட்கும்படி செய்வதே அந்நாவலின் வெற்றி.

ஜெனீவாவும் லெக்கும்

முதல் உலகப் போரின் பின் தோன்றிய சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தன் மூன்றாவது மகாநாட்டில், 1921 நவம்பரில், ஜெனீவாவில் ஈயவெள்ளை பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. கட்டடங்களின் உட்பகுதியில் ஈயவெள்ளைப் பெயின்ற் கூடாது. ஈயவெள்ளையைக் கையாளும் தொழில்முறைப் பூச்சு வேலைகளில் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண்களையும் எவ்வயதுப் பெண்களையும் சேர்க்கக் கூடாது. உலர்நிலையில் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியைத் தடுக்கவேண்டும். கழுவ வசதி வேண்டும். வேலைக்கெனத் தனி உடை வேண்டும். நோயுற்றோர் பற்றி அறிவித்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். வெளிச்சுவர்களை அது விட்டுவிட்டது. ஈய வியாபாரிகளுக்கும் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடையே நடந்த போராட்டத்தில் ஏற்பட்ட சமரசம் அது.

பிரித்தானிய அரசாங்கம் அந்தச் சமரசத்தைக்கூட ஏற்க மறுத்தது. தடைக்குப் பதிலாக, பூசும் முறையை ஒழுங்குபடுத்தினால் போதும் என்று 1926இல் தனிச் சட்டமொன்றை இயற்றிக்கொண்டது. அவ்வேளையில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. 1898 முதல் தொழிற்சாலைகளின் முதலாவது வைத்திய பரிசோதகராகப் பணியாற்றிய சேர் தோமஸ் லெக், அரசாங்கத்தின் இம்மறுப்பைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் அரச சேவையிலிருந்த அவர் பின்னர் தொழிற்சங்கக் காங்கிரசின் வைத்திய ஆலோசகரானார்.

லெக் தம் அனுபவத்திலிருந்து வகுத்த விதிகளுள் இரண்டை ஒவ்வொரு கொந்தராத்துக்காரரும், ஒவ்வொரு தொழிற்சங்கத்தினரும் நினைவில் வைத்தல் வேண்டும். எசமானன் செய்யவேண்டிய அனைத்தையும் செய்து முடிக்கும்வரை, தன்னைக் காத்துக்கொள்ளத் தொழிலாளி செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை என்பது முதலாவது. பாதுகாப்பு என்பது தொழிலாளியின் கவனத்தையோ பழக்கத்தையோ நம்பியிராமல், அவனுக்குப் புறம்பாக நின்று இயங்குவதாயிருந்தாலே வெற்றி பெறும் என்பது இரண்டாவது. 'கவனமாக வேலை செய்' என்ற அறிவுரையை எவ்வளவு உரத்துச் சொன்னாலும் நைந்த கயிறு உறுதிப்படாது. ஈயத் தூசி உணவாகாது.

நம் நாட்டின் கதை

இச்சரித்திரம் இலங்கைக்கு எப்படி வந்தது? 1923இல் கொழும்பு நகரைக் குலுக்கிய பொது வேலைநிறுத்தமும் அதன் பின் வளர்ந்த தொழிற்சங்க இயக்கமும் தொழிலாளரைப் புறக்கணிக்க முடியாத சக்தியாக்கின. முதலாவது அரசாங்க சபையில் பெரி. சுந்தரம் தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அது இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது. 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 45ஆம் இலக்கமாக வந்தது. பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முன்மாதிரி.

நட்டஈட்டுச் சட்டத்தில் பெயின்ற் தொழிலாளிக்கு முக்கியமான கோட்பாடு ஒன்றுண்டு. ஒருவர் தம் தொழிலின் பொருட்டு ஒரு வேலையைக் கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைத்தால், அந்தக் கொந்தராத்துக்காரரின் வேலையாளுக்கு நேரும் காயத்துக்கும் மூல எசமானரே நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவராவார். பின்னர் அதனை அவர் கொந்தராத்துக்காரரிடமிருந்து அறவிட்டுக்கொள்ளலாம். கையை மாற்றிவிடுவதால் கடமை மாறிவிடாது என்பதே இதன் பொருள். தொழிலாளர் இயக்கம் பெற்ற அருமையான உரிமைகளுள் இது ஒன்று.

ஆனால் 'தம் தொழிலின் பொருட்டு' என்ற சொற்களைக் கவனியுங்கள். தம் வீட்டுக்கு வர்ணம் பூசுவிக்கும் ஆசிரியரோ கடைக்காரரோ அதனைத் தம் தொழிலின் பொருட்டுச் செய்விப்பவரல்லர். இரண்டு நாள் வேலைக்கு ஒருவனை நேரே அழைத்தால், அவன் 'தற்காலிக' வேலையாள் என்ற வகுப்பில் விழுந்து சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கும் நிலை உருவாகின்றது. தொழிற்சாலைச் சட்டமோ நான்கு சுவரும் ஒரு கதவும் உள்ள வேலைத்தலத்தை மனத்திற்கொண்டு எழுந்தது. பெயின்ற் தொழிலாளிக்குத் தொழிற்சாலை ஏது? இன்று காரைதீவில் ஒரு வீடு, நாளை கல்முனையில் ஒரு கடை, மறுநாள் அக்கரைப்பற்றில் ஒரு பாடசாலை. அவன் வேலை முடிந்து போன பிறகு அங்கே பரிசோதகர் பார்ப்பதற்கு எஞ்சுவது அழகிய சுவர் மட்டுமே.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிகக் கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக் கரையோரங்கள் தரைமட்டமாயின. அடுத்த ஆண்டுகளில் வீடுகளும் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் மீண்டும் எழும்பின. உலகின் பல பாகங்களிலிருந்தும் பணம் வந்தது. கொந்தராத்து மேல் கொந்தராத்தாக வேலை கைமாறியது. நன்கொடை கொடுத்தவருக்கும் ஏணியில் நின்றவனுக்கும் இடையில் எத்தனை கைகள்! மேலே நின்ற ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்டு, ஆபத்தை மட்டும் கீழே இறக்கிவிட்டது. கடலில் வீடிழந்தவனே, நாட்கூலிக்கு, மற்றவனின் புதுவீட்டுக்கு வர்ணம் பூசவும் நேர்ந்தது.

ஈயத்தின் கதையும் இங்கே தாமதமாகவே முடிவை நெருங்கியது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ற்றில் ஈயம் 1978இல் தடைசெய்யப்பட்டது. இந்தியா 2016இல் விதி இயற்றியது. இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் வர்த்தமானி மூலம் ஈயத்தின் அளவுக்கு உச்ச வரம்பு விதித்து, அது 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், அதற்கு முன் பூசப்பட்ட கதவுகளும் யன்னல்களும் இரும்புக் கிராதிகளும் இன்னும் நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருக்கின்றன. புதுப் பூச்சுக்காகப் பழையதை உலர்நிலையில் தேய்க்கும்போது அந்த ஈயம் தூசியாக மீண்டும் எழுகின்றது. வளர்ந்தவரைவிட நான்கு ஐந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் உறிஞ்சக்கூடும். தொழிலாளி தன் சட்டையோடு வீட்டுக்குக் கொண்டு செல்லும் தூசி அவன் பிள்ளையையும், வகுப்பறைத் தரையில் விட்டுச் செல்லும் தூசி நம் மாணவரையும் தேடிச் செல்கின்றது.

ஈயம் போனாலும் ஆபத்து முழுதும் போய்விடவில்லை. தின்னர் முதலிய கரைப்பான்களின் ஆவி ஞாபக சக்தியையும் நரம்புகளையும் தாக்குவதை 1970களில் டென்மார்க், சுவீடன் நாட்டுப் பெயின்ற் தொழிலாளரிடையே நடந்த ஆய்வுகள் வெளிப்படுத்தின. வர்ணம் பூசும் தொழிலே புற்றுநோய் விளைவிக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1989இல் வகைப்படுத்தியது. பூட்டிய அறையில் நாள் முழுதும் பெயின்ற் அடித்துவிட்டு, மாலையில் தின்னரால் கை கழுவித் தேநீர் அருந்தும் நம் தொழிலாளிக்கு இதனைச் சொன்னவர் யார்?

பொறுப்பின் வரிசை

பாதுகாப்பு என்பது சுவரில் ஒட்டும் அறிவித்தலன்று. அது ஒரு வரிசை. முதலில் வேலை கொடுப்பவர்: விலை பேசும்போதே சாரக்கட்டுக்கும் கயிற்றுக்கும் கழுவும் நீருக்கும் உரிய செலவை விலையில் சேர்க்கவேண்டியவர். அடுத்தவர் கொந்தராத்துக்காரர்: ஏணியின் படிகளையும் கட்டுகளையும் நாள்தோறும் பார்க்க ஒருவரைப் பெயர் குறித்து நியமிப்பது, ஏணியின் அடியைச் சுவரிலிருந்து அதன் உயரத்தில் நாலிலொரு பங்கு விலக்கி வைப்பிப்பது, மின்கம்பி அருகே வேலைக்கு முன் மின்சாரத்தை நிறுத்துவிப்பது, பழைய பூச்சை நனைத்துத் தேய்ப்பிப்பது, யன்னல்களைத் திறந்துவைப்பது, முகக் கவசமும் கையுறையும் தம் செலவில் கொடுப்பது, பதினெட்டு வயது நிரம்பாதவரை இவ்வேலைக்குச் சேர்க்காதது ஆகியன அவர் கடமைகள். ஒரே தலத்தில் பல கொந்தராத்துக்காரர் வேலை செய்தால் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பிரதான கொந்தராத்துக்காரரைச் சாரும் என்பதைக் கட்டட வேலைப் பாதுகாப்புப் பற்றிய 1988ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை தெளிவாகக் கூறுகின்றது. தொழிலாளிக்கும் கடமையுண்டு: கொடுத்ததை அணிவதும், பழுதைக் கண்டால் சொல்வதும். ஆனால் சொன்னவனை நாளை வேலைக்கு அழைக்காமல் விட்டால், அந்தக் கடமையை அவன் எப்படி நிறைவேற்றுவான்? எனவே மறுக்கும் உரிமையும், அவ்வுரிமைக்குக் காவலான சங்கமும் அவனுக்கு வேண்டும்.

2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் இந்நாட்டில் அமைந்தது. 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் மகாநாடு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. இவை சிறிய வெற்றிகளல்ல. ராமசீனியின் கேள்வியிலிருந்து இத்தீர்மானம் வரை முந்நூற்றிருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. ஆயினும் ஜெனீவாவில் எழுதப்பட்ட உரிமை காரைதீவின் ஏணிவரை இறங்கி வருவதற்கு இடையில் இருக்கும் கைகளுள் நம் கையும் ஒன்று.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களே, நாமும் வேலை கொடுப்பவர்களே என்பதை மறந்துவிடலாகாது. மேதினத்தன்று ஊர்வலத்தில் நடந்துவிட்டு, மறுநாள் நம் வீட்டுக்கு வர்ணம் பூச வருபவரிடம், 'சாரக்கட்டு எதற்கு, ஏணி போதாதா, இரண்டாயிரம் குறையுங்கள்' என்று நாம் பேரம் பேசியதில்லையா? அந்த இரண்டாயிரம் எங்கிருந்து குறைகின்றது என்று எண்ணிப் பார்த்தோமா? சட்டம் நம்மைப் பொறுப்பாளியென்று சொல்லாமல் விட்டிருக்கலாம். அதனால் நாம் பொறுப்பற்றவர்களாகிவிடுவோமா?

விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் காரைதீவு. அவ்வூரின் ஒவ்வொரு பாடசாலையும் தன் அடுத்த பெயின்ற் வேலைக்கான ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்கலாம்: மாணவர் இல்லாத விடுமுறை நாளில் வேலை நடக்கவேண்டும், பழைய பூச்சு நனைத்தே தேய்க்கப்படவேண்டும், சாரக்கட்டும் கயிறும் தலைக்கவசமும் கொந்தராத்துக்காரர் கொடுக்கவேண்டும், காயமுற்றால் வைத்தியச் செலவும் நட்டஈடும் யார் கொடுப்பது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒரு கூட்டத்தில் முடிக்கக்கூடிய காரியம் இது. ஒரு பாடசாலை செய்தால் லெக்லேரின் நன்மை போல அது மதிலோடு நின்றுவிடும். காரைதீவும் கல்முனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் ஒருங்கே கேட்டால், கேட்காத கொந்தராத்துக்காரருக்கு இக்கரையில் வேலையில்லாது போகும்.

அடுத்த வைகாசியிலும் ஊர் புதுநிறம் பெறும். அன்று சுவரைப் பார்க்குமுன், ஏணியின் கீழே நின்று கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நைந்திருந்தால் வேலையை நிறுத்துங்கள். புதுக் கயிற்றுக்கான பணத்தை நீங்களே கொடுங்கள்.